வெள்ளக் காலத்துக்கு ஹைலக்ஸைத் தயார்படுத்தியது: ஸ்நோர்க்கல் கடைசியில்தான்

எஞ்சின் காற்று இழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றும் குழாயான ஸ்நோர்க்கலைப் பூட்டிவிட்டால் வாகனம் வெள்ளத்துக்கு ஆயத்தம் என்ற எண்ணம் கொழும்பில் பரவலாக இருக்கிறது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அந்தக் குழாய்தான், காசும் முதலில் அதற்கே போகிறது. ஆனால் வெள்ளம் வடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து கராஜுக்கு வரும் டபுள் கெப்புகளைப் பாருங்கள். எஞ்சின் நல்லாக ஓடிக்கொண்டிருக்கும். பின் அக்ஸிலுக்குள் பெயரிங் துருவேறி அரைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் மேலே உள்ள பெரிய வாயால் போகவில்லை. கீழே, ஒருவரும் குனிந்து பார்க்காத சின்னத் துளைகளால் போயிருக்கிறது. அதனால் எங்கள் வாகனத்தில் வேலையைக் கீழிருந்து தொடங்கினோம்.

வாகனம் டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என்.106. 2.8 லீட்டர் 3எல் டீசல் எஞ்சின், டர்போ இல்லை. முன்னாலும் பின்னாலும் லீஃப் ஸ்பிரிங், முன்பக்கமும் ஒரே துண்டான அக்ஸில். கிராண்ட்பாஸில் மாமாவின் ஹார்ட்வெயார் கடைக்கு சிமெந்தும் கம்பியும் ஏற்றுவது அதன் அன்றாட வேலை. களனி கங்கை பெருகினால் வெல்லம்பிட்டி, கொலன்னாவ பக்கம் சோற்றுப் பார்சலும் குடிதண்ணீரும் பாயும் கொண்டுபோக வேண்டும். 2016 மே மாத வெள்ளத்தையும் 2025 நவம்பரில் டித்வா சூறாவளி கொண்டுவந்த வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு, ஒரு வாகனம் தெருவுக்குள் போக முடிவதும் முடியாமல் போவதும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்லத் தேவையில்லை. முழங்காலளவு தண்ணீரில் வயதான ஒருவரைத் தூக்கிக்கொண்டு நடப்பது எவ்வளவு தூரம் முடியும்?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் இடைப்பருவ மழை. வருஷத்தில் பாதிக்கு மேல் எங்களுக்கு வெள்ளக் காலம். நாகலகம் வீதியில் களனி கங்கையின் மட்டத்தைப் பார்க்க நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அளவுகோல் இருக்கிறது. அதில் 4 அடி எச்சரிக்கை மட்டம், 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். 4 அடி என்று செய்தி வந்தவுடனே கடைச் சாமானை இறக்கி வாகனத்தை ஒதுக்கிவைத்துவிடுவோம்.

வேலை தொடங்குவதற்கு முன் கனடாவில் இருக்கும் மச்சான் படம் அனுப்பினான். அவன் வேலை செய்யும் பண்ணையில் சைட்-பை-சைட் என்ற சின்னத் திறந்த பண்ணை வண்டிக்குப் பனிக்காலத்துக்காக ரப்பர் ட்ராக் பூட்டுகிறார்கள். “உங்கட வெள்ளத்துக்கு இது சரிவராதாடா?” என்று கேட்டிருந்தான். நல்ல கேள்வி, யோசித்துத்தான் பதில் எழுதினேன். ட்ராக் பூட்டும்போது நாலு சில்லையும் கழற்றி, அதே ஹப் ஆணிகளில் முக்கோணச் சட்டத்தை ஏற்றுகிறார்கள். உள்ளே ஒரு பற்சில்லு சுழன்று ரப்பர் பட்டியை இழுக்கும். சட்டம் முழுவதும் சுற்றிப் புரண்டுவிடாமல் வண்டியின் சஸியிலிருந்து ஒரு தடுப்புக் கம்பி வரும். ஸ்டியரிங் பாரமாகும், வேகம் குறையும், முதல் ஓட்டத்துக்குப் பிறகு பட்டியின் இறுக்கத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். இத்தனையும் தாங்கிக்கொள்வது ஒரே பலனுக்காக: பாரம் பெரிய பரப்பில் பரவி, வண்டி பனிக்குள் புதையாமல் மேலே நிற்கிறது. வெல்லம்பிட்டியில் தண்ணீருக்கு அடியில் இருப்பது தார் வீதியும் கொங்கிரீட்டும். எங்களுக்குப் புதைகிற பயம் இல்லை. காற்று இருக்க வேண்டிய இடத்துக்குள் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை.

முதலில் அக்ஸில் பிரீதர். ஓடுகிற அக்ஸில் சூடாகும், உள்ளே இருக்கிற காற்று விரியும். அது வெளியேற ஹவுசிங்கின் மேலே ஒரு சின்ன மூடி போட்ட துளை இருக்கிறது. உள்ளே 80 பாகை சூட்டில் இருக்கும் அக்ஸில் திடீரென்று வெள்ளத்துக்குள் இறங்கி 30 பாகைக்குக் குளிர்ந்தால், காற்றுக்கு வேறு வழி இல்லாதபோது உள் அழுத்தம் ஏறத்தாழ 14 சதவீதம் விழும். கிட்டத்தட்ட 1.4 மீட்டர் ஆழத் தண்ணீர் வெளியிலிருந்து தள்ளுவதற்குச் சமம் அது. தண்ணீர் முழங்கால் அளவுதான் நிற்கும், ஆனால் அக்ஸில் அதை ஆளுயர ஆழத்தில் கிடப்பதுபோல உறிஞ்சும். ஓயில் சீலின் உதடு உள்ளே இருக்கிற ஓயிலைப் பிடித்துவைக்கச் செய்யப்பட்டது. வெளியிலிருந்து இழுபடும் தண்ணீரை அது நெடுநேரம் தடுக்காது.

எங்கள் பின் அக்ஸில் பிரீதரைக் கழற்றியது ஒரு டெலிவரி முடிந்து வந்த கையோடு, அக்ஸில் சூடாக இருக்கும்போது. ஸ்பேனரை அரைச் சுற்றுத் திருப்பியதும் உஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. மூடி சேற்றோடும் துருவோடும் இறுகி, நகத்தால் தள்ளினாலும் அசையவில்லை. சரியாக இருக்கிற பிரீதர் என்றால் மூடி கையில் தளர்வாக ஆடும். சூட்டில் அடைபட்ட அழுத்தம் அதுவரை சீலைத்தான் வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. சில்லுப் பக்கம் ஏன் எப்போதும் ஓயில் ஈரம் என்ற கேள்விக்கும் விடை அங்கேயே கிடைத்தது.

அந்தத் துளையிலிருந்து ஒரு ஹோஸைத் தண்ணீர் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோவதுதான் திட்டம். கழற்றிய துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். மரை அளவைச் சொல்லி வாங்குவதைவிட சாமானைக் காட்டி வாங்குவது எப்போதும் நல்லது. ஹோஸைப் பூட்டும் நிப்பிள் விற்கும் கடையில் கடைக்கார நானா முதலில் எடுத்துவைத்த பெட்டியைத் தானே மூடி வைத்துவிட்டார். “தம்பி, இது லொறி நிப்பிள். உங்கடதுல ரெண்டு சுத்து ஏறும், பிறகு நிக்கும். பலவந்தமா இறுக்கினா ஹவுசிங்ட மரை போய்டும்” என்றார். அடியில் இருந்த இன்னொரு தகரப் பெட்டியிலிருந்து தேடி, என் துண்டோடு மரையை மரையில் பொருத்தி வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டித்தான் தந்தார். இப்படிப்பட்ட கடைகள் இருப்பதால்தான் முப்பது வருஷத்துக்கு முந்திய வாகனங்களை நாங்கள் இன்னும் ஓட்டுகிறோம்.

நாலு இடத்துக்கு நாலு ஹோஸ்: முன் அக்ஸில், பின் அக்ஸில், கியர் பொக்ஸ், நாலு சில்லுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் பொக்ஸ். உள் விட்டம் 8 மில்லிமீட்டர் உள்ள டீசல் ஹோஸ் எடுத்தோம். தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கிற ப்ளாஸ்டிக் ஹோஸ் மலிவுதான், ஆனால் எஞ்சின் சூட்டில் நெளிந்து மடிந்துவிடும். மடிந்த ஹோஸும் அடைபட்ட பிரீதரும் ஒன்றுதான். பின் ஹோஸை பிரேக் குழாயோடு சேர்த்து சஸிவரை கொண்டுபோய், அங்கிருந்து எஞ்சின் அறையின் பின்சுவரில் ஆக உயரமான இடத்துக்கு ஏற்றினோம். அக்ஸிலும் சஸியும் சேரும் இடத்தில் ஒரு வளையம் தளர்வாக விட வேண்டும். ஜெக்கை சஸியில் வைத்துத் தூக்கி, அக்ஸில் முழுவதும் கீழே தொங்கும்போது ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளிப் இறுக்கினோம். மேல் நுனிகளில் மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற சின்னப் பெட்ரோல் ஃபில்டர். தூசி போகாது, பூச்சி கூடு கட்டாது.

சோதிக்கும்போது ஹோஸ் நுனியில் வாயால் மெதுவாக ஊதி, சீல் ஓரங்களில் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தால் போதும். கொம்ப்ரஸர் காற்றைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், சீல் பிதுங்கிவிடும். பிரீதர் வேலை முழுவதற்கும் ஆன செலவு ஒரு நல்ல டயரின் விலையில் கால்வாசிகூட இல்லை. கையில் காசு குறைவு, ஒரே ஒரு வேலைதான் செய்யலாம் என்றால் இதைத்தான் செய்யுங்கள்.

அடுத்தது எஞ்சின் அறை. 3எல்லில் கொம்பியூட்டர் இல்லாதது பெரிய நிம்மதி. இருந்தாலும் இன்ஜெக்டர் பம்பில் டீசலைத் திறந்து மூடும் சொலினொய்டுக்கு ஒரே ஒரு வயர் வருகிறது. அதில் மின் இருக்கும்வரைதான் எஞ்சின் ஓடும், அந்த முனை நனைந்து ஷோர்ட் ஆனால் நடுத்தண்ணீரில் நின்றுவிடும். முனையைச் சுத்தம் செய்து, மின் இணைப்புகளுக்கான சிலிக்கோன் கிறீஸ் நிரப்பி, ரப்பர் மூடி போட்டோம். ஸ்டார்ட்டர், ஒல்டர்னேட்டர் இணைப்புகளுக்கும் அப்படியே. டைமிங் பெல்ட் மூடியின் கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டோம். இந்த எஞ்சினுக்கு செயின் இல்லை, பெல்ட்தான். வெள்ளத்தோடு வரும் மணல் உள்ளே போய்ப் பல் ஒன்று தாவினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். பிறகு ஃபேன். வேகமாகச் சுழலும் ப்ளாஸ்டிக் இதழ்கள் தண்ணீரைப் பிடித்தால் முன்னுக்கு வளைந்து ரேடியேட்டரை வெட்டிவிடும். இதற்கு விலை கொடுத்து வாங்க ஒன்றுமில்லை. தண்ணீருக்குள் இறங்குமுன் கிரில்லின் முன்னால் ஒரு தறப்பாள் துண்டை இழுத்துக் கட்டினால் உள்ளே தண்ணீர் மட்டம் குறைவாகவே நிற்கும். கரையேறியதும் அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறும்.

இனி காற்று. டீசல் எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் என்ன நடக்கும் என்பதை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். 2.8 லீட்டரில் ஒரு சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட 700 சிசி. அமுக்க விகிதம் 22க்கு மேல். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சுகிற இடம் 33 மில்லிலீட்டர் அளவுதான். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஆக இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகமான தண்ணீர் உள்ளே போனாலே கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன டீசல் எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று பழைய மெக்கானிக் பாஸ்மார் கத்துவது இதனால்தான். கரைக்கு இழுத்து, சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ ப்ளக் நாலையும் கழற்றி, தண்ணீரை வெளியே சுற்றித் தள்ளிய பிறகே மற்ற எல்லாம்.

குழாயின் அளவில்தான் பலர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். இந்த எஞ்சின் 4,000 சுற்றில் நிமிடத்துக்கு 5,600 லீட்டர் காற்று இழுக்கும். இரண்டங்குல பி.வி.சி. குழாயில் அந்தக் காற்று செக்கனுக்குக் கிட்டத்தட்ட 46 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். மூன்றங்குலக் குழாயில் 20 மீட்டர் அளவு போதும். ஒடுங்கிய குழாயால் இழுவை குறையும், கறுப்புப் புகை வரும். பி.வி.சி.யில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: வெயிலில் காய்ந்து, எஞ்சின் அதிர்வில் பசை ஒட்டிய மூட்டு வெடிக்கும், வெடித்தது வெளியில் தெரியாது. அவுஸ்திரேலியாவில் செய்யும் ஆயத்த ஸ்நோர்க்கல்கள் நல்லவை, விலைதான் எங்களுக்கு எட்டவில்லை. சைலன்சர் அடிக்கும் கடையில் மூன்றங்குல ஸ்டெயின்லெஸ் குழாயை வளைத்து, மூட்டுகளை ஆர்கன் வெல்டிங்கில் ஒட்டுவித்தோம். உச்சியில் ட்ரக்டர்களுக்குப் போடுகிற காளான் மூடி.

மட்காட்டில் துளை போடுவது ஒருமுறைதான் செய்யக்கூடிய வேலை. கார்ட்போர்டில் அச்சு வெட்டி, இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, சின்ன ட்ரில்லால் நடுத்துளை போட்டு, அதன் பிறகே ஹோல் சோ. வெட்டிய ஓரத்தை அரத்தால் உருட்டி, சிங்க் ப்ரைமர் அடித்து, பெயின்ட் அடித்து, ரப்பர் விளிம்பு போட்டோம். கொழும்பின் கடல் காற்றில் பச்சை இரும்பு ஒரு வாரமும் தாங்காது.

குழாய் எவ்வளவு உயரமாக இருந்தாலும், ஏர் ஃபில்டர் பெட்டியில் ஓட்டை இருந்தால் அந்த உயரத்துக்கு அர்த்தமில்லை. தூசி விழும் ரப்பர் வால்வு, மூடியின் சீல், குழாய் பெட்டிக்குள் நுழையும் வாய் எல்லாம் பொனட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. ரப்பர் ஒட்டிய ஒரு பலகைத் துண்டால் ஸ்நோர்க்கல் வாயை மூடிப் பார்த்தோம். வெறும் கையால் மூடாதீர்கள், இழுவை கடுமை. எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது வாயை மூடினால் சில செக்கனில் திணறி அணைய வேண்டும். எங்களுடையது சத்தம் மாறியது, ஆனால் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கிருந்தோ காற்று வருகிறது.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க எங்கள் மெக்கானிக் பாஸ் கடைச் சாமித்தட்டிலிருந்து ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து வாங்கிக்கொண்டார். மாமா வாயைப் பாதி மூடிப் பிடிக்க, பாஸ் பத்தியை மூட்டு மூட்டாகக் கொண்டுபோனார். ஹோஸ் கிளிப்பில் புகை நேராக மேலே போனது. ரப்பர் வால்விலும் அப்படியே. ஃபில்டர் மூடியின் பின்மூலையில், கையும் கண்ணும் எட்டாத இடத்தில், புகை சட்டென்று பக்கவாட்டில் வளைந்து நூல்போல மெலிந்து விளிம்புக்குள் போய் மறைந்தது. “மென்ன!” (இந்தா இருக்கு!) என்று சிங்களத்தில் சொன்னார் பாஸ். மூடியின் கிளிப் ஒன்று வளைந்திருந்ததால் அந்த மூலையில் மட்டும் சீல் அமரவில்லை. கிளிப்பை நிமிர்த்தி, சீலைப் புதிதாக மாற்றிவிட்டுப் பலகையை வைத்தோம். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அந்த நிமிஷம் எல்லோர் முகத்திலும் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த பெருமழைக்குக் கொலன்னாவ பக்கம் போனபோது தண்ணீர் சில இடங்களில் முழங்காலுக்கு மேல், ஒரு ஒழுங்கையில் தொடையளவு. எங்களுக்கு நாங்களே வைத்த எல்லை டயரின் மேல் விளிம்பு. முன் பம்பரில் அந்த உயரத்துக்கு மஞ்சள் கோடு அடித்திருக்கிறோம். ஸ்நோர்க்கல் கூரைவரை போகிறது என்பதற்காக வாகனம் கூரைவரை போகலாம் என்று அர்த்தமில்லை. தண்ணீர் ஓடுகிற இடமென்றால் இரண்டடியே ஆபத்து, டபுள் கெப்பையும் தூக்கிப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அங்கே இறங்குவதே இல்லை. ட்ரான்ஸ்பர் பொக்ஸை மெது இழுவைக்கான லோவில் போட்டு, கிளட்ச் மிதிக்காமல், ஒரே சீராக நடை வேகத்தில் போக வேண்டும். முன்னால் ஒருவர் நீளத் தடியோடு வடிகான் மூடி திறந்திருக்கிறதா என்று குத்திப் பார்த்துக்கொண்டு நடப்பார். பூட்ஸ் கட்டாயம், காலில் காயம் இருந்தால் அவர் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.

மெதுவாகப் போவதற்கு வாகனம் மட்டும் காரணமில்லை. வேகமாகப் போனால் எழும் அலை இரண்டு பக்கமும் வீட்டுக் கதவுகளில் போய் அடிக்கிறது. மேசைமேல் ஏற்றிவைத்த அரிசி மூட்டையை நனைப்பதற்கு அந்த ஒரு அலை போதும். உதவிக்கு வருகிற வாகனங்கள் சில இதை யோசிப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம். வாசலில் நிற்கும் ஒரு அம்மா கையை உயர்த்தி “மெதுவா, மெதுவா மகன்” என்று சொல்வதைக் கேட்டவர்கள் அப்படி ஓட்டமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைத்தோம். பின் ட்ரம் இரண்டையும் கழற்றிச் சேற்றைக் கழுவினோம், டீசல் ஃபில்டரின் அடியில் தங்கிய தண்ணீரை இறக்கினோம். பிறகு எல்லாப் ப்ளக்கையும் திறந்து பார்த்தோம். பின் அக்ஸில் ஓயில் தேன் நிறத்தில் அப்படியே இருந்தது. கியர் பொக்ஸும் ட்ரான்ஸ்பர் பொக்ஸும் சுத்தம். முன் அக்ஸிலின் நடுப்பகுதியும் நல்லது. ஆனால் முன் சில்லைத் திருப்பும் மூட்டான நக்கிளில், வலது பக்கத்தின் மேல் உள்ள சதுரத் தலை ப்ளக்கைக் கழற்றி விரலை விட்டபோது, கிறீஸ் தண்ணீர் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் ஒட்டி வந்தது.

அது பிரீதரால் தீரும் காரியமல்ல. நக்கிளின் பின்பக்கம் உருண்டையான இரும்பின்மேல் உரசிக்கொண்டிருக்கும் ஃபெல்ட்டும் ரப்பர் வளையமும்தான் அங்கே தண்ணீரைத் தடுக்க வேண்டும். வலப்பக்கத்து ஃபெல்ட் தேய்ந்து கடுதாசிபோல ஆகியிருந்தது, உருண்டையின் மேலும் துருப் புள்ளிகள். ரப்பர் வளையத்தை வெட்டிச் சுற்றிப் போட்டு ஒட்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வெட்டிய மூட்டு மறுபடி தண்ணீருக்கு வழி. நக்கிளை முழுதாகக் கழற்றி, உருண்டையை நீர்க்கடதாசியால் தேய்த்து வழவழப்பாக்கி, முழு வளையத்தையே போடப் போகிறோம். இடப்பக்கம் இன்னும் சுத்தமாக இருந்தாலும் அதையும் சேர்த்தே மாற்றுவோம். இரண்டு பக்கத்துக்குமான சீல் செட்டை நானாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மே மழைக்கு முன் வேலை முடிந்துவிட வேண்டும்.